வந்தாரைத் தங்கவைக்கும் வீதிகள்

கொழும்பு மாநகரைக் காணவரும் வெளியூரார், கோட்டையையும் காலிமுகத் திடலையும் நூதனசாலையையும் பார்த்துவிட்டு, நகரம் முழுவதையும் கண்டுவிட்டதாகத் திருப்தியடைவது வழக்கம். ஆனால் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை கொழும்பு என்பது பெரும்பாலும் இரண்டு ஊர்ப்பெயர்களுக்குள் அடங்கிவிடுகின்றது. தெற்கே வெள்ளவத்தை, வடக்கே கொட்டாஞ்சேனை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ ஒருவர் கொழும்புக்குப் பெட்டி கட்டுகின்றார் என்றால், "எங்கே தங்கப் போகிறாய்?" என்று வீட்டார் கேட்பர். அக்கேள்விக்கு வரும் விடை இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம் பிள்ளைகள் வரும்போதும் இவ்விடை பெரிதாக மாறுவதில்லை.

இவ்விரு பகுதிகளையும் பற்றி எழுதியோர் பலர். கோயில்களைப் பற்றி எழுதினர்; கடைத்தெருக்களைப் பற்றி எழுதினர். வந்தவர் தலைசாய்க்கும் அறைகளைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. சில நாளுக்கோ சில கிழமைக்கோ வாடகைக்கு விடப்படும் அந்த அறைகளையும் மாடிவீடுகளையும் நோக்குவதே எமது இன்றைய எண்ணம். இதற்குக் காரணமும் உண்டு. அண்மைக் காலத்தில் ஒரு புதுவகைப் பிரயாணி நம்மிடையே தோன்றியிருக்கின்றார். அவர் கையில் மடிக்கணினி ஒன்று இருக்கின்றது. பகலில் கடற்கரையும் கோயிலுமாகத் திரிகின்றார். மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு கடலுக்கு அப்பாலுள்ள ஒரு கந்தோரின் வேலையைச் செய்கின்றார். 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய் உலகெங்கும் உத்தியோகத்தரை வீட்டிலிருந்து வேலை செய்யப் பழக்கிவிட்டது. வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையை வெள்ளவத்தையிலிருந்து செய்யலாகாதா என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை.

பழையோர் வழி

வேலையையும் ஓய்வையும் ஒரே பிரயாணத்தில் கட்டிக்கொள்வது புதுமை போலத் தோன்றினும், அது நமக்குப் பழையதொரு பழக்கமே. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியுமுன், கப்பலும் புகைவண்டியுமாகத் தமிழகத்திலிருந்து வந்த வணிகர், செட்டியார் தெருவில் கணக்கு முடித்துக்கொண்டு கதிர்காமத்துக்கும் ஒரு நடை போய்வருவர். வாணிபம் முன்னோ யாத்திரை முன்னோ என்று அவர்களைக் கேட்டால், இரண்டும் ஒன்றுதானே என்றிருப்பர்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நடத்திய கிட்டங்கிகளை இன்றைய இளைஞர் அறிந்தால் ஆச்சரியப்படுவர். நீண்ட கூடம் ஒன்று. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டகம், தரையில் அமர்ந்து எழுத ஒரு சிறு மேசை. பகலில் அதுவே வட்டிக்கடை. இரவில் அதுவே படுக்கையறை. பல தொழிலார் ஒரே மண்டபத்தில் மேசை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் முறையை இன்று மேனாட்டார் பெரும் புதுமையாகப் பேசுகின்றனர். பாய் ஒன்றும் பெட்டகம் ஒன்றும் கொண்டு நம்மவர் அதனை முன்னரே நடத்திக் காட்டினர்.

இலங்கையில் ஆங்கிலேயர் காலத்து வாடிவீடுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. சுற்றுப்பயணம் செய்யும் அரசாங்க உத்தியோகத்தருக்காக அவை அமைந்தன. ஆயினும் குன்றின் மேலோ குளக்கரையிலோ ஆற்றங்கரையிலோ அழகிய இடம் பார்த்துக் கட்டப்பட்டவை பல. கோவையைப் பார்க்கும் அதிகாரி தலை நிமிர்ந்தால் நீரையும் பார்க்கட்டும் என்பது கட்டினோர் கருத்துப் போலும்.

இவற்றுக்கெல்லாம் மூத்தது யாழ்ப்பாணத்துச் சங்கடப்படலை. வீட்டு வாயிலிலே சிறு கூரை வேய்ந்து, இருக்கத் திண்ணை வைத்து, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடமளித்த வாயில் அது. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் இருக்கும். அங்கே அமர்ந்தவரை யார், எவர், எங்கே போகிறீர் என்று வீட்டுக்காரர் விசாரணை செய்வதில்லை. களைப்பு ஒன்றே போதிய காரணம். இதனை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

கொட்டாஞ்சேனை

கொட்டாஞ்சேனை துறைமுகத்தின் அயலில் இருப்பது. கொழும்பு 13 என்பது அதன் தபால் எண். கப்பலில் வந்தோரும் கப்பலுக்குக் காத்திருந்தோரும் தங்கிய பகுதி என்பதால், விடுதி என்ற தொழில் இங்கே இயல்பாக வேர்விட்டது. சிறு லொட்ஜ்களும், கடைகளுக்கு மேலே ஏணிப்படி போன்ற ஒடுங்கிய படிகளால் ஏறும் அறைகளும் இன்றும் உண்டு. மொத்த வியாபாரத்துக்காகப் புறக்கோட்டைக்கு வருவோரும், நகை வாங்கச் செட்டியார் தெருவுக்கு வருவோரும் இங்கே தங்கினால் நடந்தே காரியம் முடிக்கலாம்.

வேலை முடிந்த பின் கால்நடையாகச் சுற்றுவோருக்கு இப்பகுதி ஒரு சரித்திர நூல். பொன்னம்பல முதலியார் 1856 இல் நிறுவிய சிவன் கோயிலை அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டினார். அந்தப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் தூண்களிடையே நண்பகலிலும் ஒரு குளிர்ச்சி நிலவும். சற்றுத் தொலைவில் ஒல்லாந்தர் 1757 இல் கட்டி முடித்த வுல்வெண்டால் தேவாலயம். புனித லூசியாள் பேராலயத்தின் பெருங்கோபுரம் கூரைகளுக்கு மேலே தெரியும். விவேகானந்த மேட்டில் 1902 இல் தோன்றிய விவேகானந்த சபை. சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15 ஆம் நாள் கொழும்பில் இறங்கியபோது கறுவாத்தோட்டத்து வீடொன்றில் தங்கினார். கடற்பயணக் களைப்பு நீங்குமுன் மறுநாளே மேடையேறிப் பேசினார். வேலையையும் ஓய்வையும் பிரிக்கமாட்டாத பிரயாணியர் வரிசையில் அவருக்கும் ஓரிடம் உண்டு.

வெள்ளவத்தை

கோட்டையிலிருந்து கரையோரப் புகைவண்டியில் ஏறினால், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி கழிந்து வெள்ளவத்தை வரும். வழியில் வலப்பக்கம் கடல். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளே இப்பகுதியின் உயிர்நாடி. சில எண்களால் அழைக்கப்படும். சில துரைமார் பெயரையும் சில இராமகிருஷ்ணர், விவேகானந்தர் பெயரையும் தாங்கி நிற்கும். முன்னர் ஒவ்வொரு வளவிலும் ஓட்டு வீடு ஒன்றும் மாமரம் ஒன்றும் இருந்தன. இன்று பல வளவுகளில் தொடர்மாடிகள் எழுந்து, மாமரத்தின் இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன.

இலங்கை சுதந்திரம் பெற்ற காலத்தையொட்டி அரசாங்க சேவையில் சேர்ந்த யாழ்ப்பாணத்து இளைஞர் பலர், நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி வாழ்ந்தனர். இக்கூட்டு வாழ்க்கைக்குச் 'சமறி' என்று பெயர். மாத முடிவில் அரிசி, தேங்காய், விறகுக் கணக்கைப் பங்கிடுவதில் சண்டையும் சிரிப்புமாக அவர்கள் காலம் கழிந்தது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின், ஊரிலிருந்து பனங்கிழங்கும் ஒடியலும் அதில் வந்து இறங்கின. குடும்பம் வந்து சேர்ந்ததும் சமறி கலைந்து 'அனெக்ஸ்' ஆயிற்று. வீட்டுக்காரர் முன்பக்கத்திலும் குடியிருப்பவர் பின்பக்கத்திலும் வாழும் ஏற்பாடு அது. இன்றைய குறுங்கால வாடகை வீடு அந்த அனெக்ஸின் பேரப்பிள்ளை எனலாம்.

வாடகைக்கு வருவோரை வெள்ளவத்தை ஈர்ப்பதற்குக் கடல் மாத்திரம் காரணமன்று. கடல் வேண்டுவோர் வெலிகமைக்கும் அகங்கமைக்கும் செல்லலாம்; மேனாட்டு இளைஞர் பலர் அங்கேதான் கணினியும் அலைப்பலகையுமாகக் கூடுகின்றனர். வெள்ளவத்தையில் விடியற்காலை இடியப்பமும் சொதியும் கிடைக்கும். சந்தையிலே முருங்கைக்காயின் விலையைத் தமிழில் பேரம் பேசலாம். 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் ஒரு முற்பகலைக் கழிக்கலாம். ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து தேர் தெற்கு நோக்கி வரும் நாள்களில் வீதியே கோயிலாகும். கரையோர வீதியில் அந்தியில் அமர்ந்தால், பேரப்பிள்ளையின் ஆங்கிலமும் பாட்டியின் யாழ்ப்பாணத் தமிழும் ஒரே வாங்கிலிருந்து கேட்கும்.

காரணம் கேட்ட காலம்

இத்துணை இனிமையாகச் சொல்லிச் செல்லும்போது ஒரு கசப்பை மறைத்தல் நேர்மையாகாது. 1958 இலும் 1983 இலும் இவ்வீதிகள் கண்டவற்றைப் பெரியோர் அறிவர். விடுதிகளைப் பற்றிய இக்கட்டுரைக்கு நேரே உரியது 2007 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி.

2006 ஆகஸ்டில் யாழ்ப்பாண வீதி மூடப்பட்ட பின், வடக்கிலிருந்து கொழும்புக்கு வருவதே பெரும்பாடாயிற்று. வந்தவர்கள் கடவுச்சீட்டுக்கும், தூதரகத்துக்கும், வைத்தியத்துக்கும், வெளிநாட்டு விமானத்துக்கும் காத்து, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்தனர். 2007 ஜூன் 7 ஆம் நாள் அதிகாலையில் பொலீசார் அவ்விடுதிகளுக்குச் சென்று, 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றினர். அவர்களுள் 85 பேர் பெண்கள். பெரும்பாலோர் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தலைநகரில் தங்கியிருக்கின்றனர் என்பதே அவர்கள் மீது சொல்லப்பட்டது. மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்மேல், உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு வழங்கிற்று. அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க சில நாளில் வருத்தம் தெரிவித்தார்.

'தகுந்த காரணம்' என்ற சொற்றொடரைச் சிறிது சிந்தித்துப் பார்ப்போம். வேலைக்காகத் தங்குபவர் ஒரு காரணத்தைச் சொல்லக்கூடும், கடிதமும் காட்டக்கூடும். ஓய்வுக்காகத் தங்குபவர் எதைக் காட்டுவார்? கடலைப் பார்க்க விரும்பினேன் என்பதற்கு எந்தக் கந்தோர் கடிதம் தரும்? ஒருவர் தம் நாட்டில் காரணம் சொல்லாமல் பத்து நாள் தங்கியிருக்க முடிவதே சுதந்திரத்தின் எளிய அடையாளம் என்பது எம் கருத்து. சங்கடப்படலையில் கேட்கப்படாத கேள்வி இங்கே கேட்கப்பட்டது. இன்று வெள்ளவத்தை அறைகளில் கால்நீட்டி இருப்போரைக் காணும்போது எமக்கு உண்டாகும் மகிழ்ச்சி, வாணிபம் செழிக்கின்றதே என்பதனால் மட்டும் எழுவதன்று.

இதனால், வந்தவர் பெயரை எழுதவே கூடாது என்று கொள்ளலாகாது. 2019 ஏப்ரில் 21 ஆம் நாள் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும் பெருவிடுதிகளிலும் நடந்த கொடுமையை எவர் மறப்பர்? அன்று தெகிவளையில் ஒரு சிறு விடுதியிலும் குண்டு வெடித்தது. ஆகவே, விருந்தினர் பதிவேடு ஒன்று வைத்து, பெயரையும் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு எண்ணையும் எழுதுதல் வீட்டுக்காரர் கடமை. அதனை எல்லாரிடமும் ஒரேவிதமாக, முகமலர்ச்சியோடு, வந்த அன்றே செய்துவிட வேண்டும். ஒருவர் பேச்சைக் கேட்டோ பெயரைக் கேட்டோ முகம் மாறுவதுதான் விருந்தினரை வெட்டும் வாள்.

புதிய பிரயாணியின் நாள்

இனி அப்புதிய பிரயாணியிடம் வருவோம். அறைகளை வாடகைக்கு விடும் அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். பிள்ளைகள் வெளிநாட்டில், கணவர் காலமாகிவிட்டார். மேல்மாடியின் இரண்டு அறைகளே அவருக்குத் துணையும் வருவாயும். "மாஸ்டர், வாற பிள்ளையளுக்குக் கட்டில் மட்டும் காணாது. அதுகள் ராவிலேயெல்லோ கந்தோர் நடத்துதுகள்" என்று அவர் ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் இத்தொழிலின் சூட்சுமம் அடங்கியிருக்கின்றது.

கணக்குப் பார்த்தால் விளங்கும். நம் நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. கோடைகாலத்தில் இலண்டன் கந்தோர் காலை 9 மணிக்குத் திறக்கும்போது இங்கே பிற்பகல் 1.30. ரொறன்ரோவில் காலை 9 மணி ஆகும்போது இங்கே மாலை 6.30. குளிர்காலத்தில் இவை முறையே 2.30 உம் 7.30 உம் ஆகும். சிட்னியில் வேலை செய்பவரோ ஜூன் மாதத்தில் விடியற்காலை 4.30 க்கும், டிசெம்பரில் 3.30 க்கும் எழும்ப வேண்டும். ஆகவே இலண்டன்காரருக்கு முற்பகல் முழுவதும் ஓய்வு. கோயிலுக்கும் சந்தைக்கும் நேரம் உண்டு. ரொறன்ரோக்காரர் பின்னிரவு வரை வேலை செய்து, நாம் பால் வாங்கும் நேரத்தில் உறங்குவார். காலை ஏழு மணிக்கு அவர் கதவைத் தட்டித் தேநீர் கொடுப்பது உபசாரமன்று, உபத்திரவம்.

இதனையறிந்த வீட்டுக்காரர், விருந்தினர் வந்தவுடன் முதலாவதாக அவருடைய வேலை நேரத்தைக் கேட்பார். என்ன வேலை, யாருக்கு வேலை என்ற விசாரணை தேவையில்லை. எந்நேரம் உறக்கம், எந்நேரம் உணவு என்பதே போதும்.

அறைக்கு வேண்டியவை

விருந்தினருக்கு வேண்டுவன பல அல்ல. முதலில் ஒரு மேசை. அலங்கார மேசை வேண்டாம். பள்ளிக்கூட ஆசிரியர் பயன்படுத்துவது போன்ற உயரமும் உறுதியும் உள்ள மேசையும், முதுகு சாயக்கூடிய நேரான கதிரையும் போதும். கட்டிலில் அமர்ந்து எட்டு மணி நேரம் வேலை செய்தவர் மறுமுறை அவ்வீட்டுக்கு வரமாட்டார். மேசை கட்டிலை நோக்காமல் யன்னலை நோக்கியிருத்தல் நன்று. வேலை முடிந்ததும் மேசையை மறந்து கட்டிலுக்குத் திரும்ப முடிந்தால், ஓர் அறையே இரண்டு அறையாகும்.

இரண்டாவது, மின்சாரமும் இணையமும். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். அந்நிலை நீங்கினும், அரை மணி மின்தடைகூடத் தூரதேச முதலாளிக்கு விளக்கமுடியாத சங்கடம். இணையக் கருவிக்குச் சிறியதொரு மின்கல இணைப்பு வைத்தால், விளக்கு அணைந்தாலும் உரையாடல் அறாது. வட்டமுனை, சதுரமுனை ஆகிய இருவகை மின்செருகிகளும் நம்மூரில் உண்டு. கனடாவிலிருந்து வருபவர் கொணர்வது தட்டைமுனை. பொருத்தும் கருவி ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்திருப்பது சிறு செலவு. வந்த இரவு அதனைக் காண்பவர் வீட்டுக்காரரை வாழ்த்துவார்.

மூன்றாவது, அமைதி. கடற்பக்க அறைக்கு அழகு அதிகம்; ஆயினும் தண்டவாளம் அக்கரையோரமே ஓடுகின்றது. வண்டி கடக்கும்போது பேச்சு நின்றுவிடும். உப்புக்காற்று யன்னற் கீல்களைத் துருப்பிடிக்கச் செய்து, காற்றில் அடிக்கவும் வைக்கும். எனவே உறங்கவும் கடல் பார்க்கவும் மேற்கு அறையும், பேசி வேலை செய்ய உள்ளறையும் என்று வகுத்தல் தக்கது. பகலில் உறங்குபவருக்குத் தடித்த திரைச்சீலை வேண்டும். கொழும்பில் டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும். நுளம்புவலை இல்லாத அறை எவ்வளவு பளபளப்பாக இருப்பினும் குறையுடையதே.

நான்காவது, உண்மை. மின்தூக்கி இல்லையாயின் இல்லை என்று முன்னரே எழுத வேண்டும். முழங்கால் நோவுள்ள தாயாருடன் வருபவருக்கு மூன்றாம் மாடிப் படிகளைக் கண்ட பின் தெரிவிப்பது வஞ்சனை. தண்ணீர் எந்நேரம் மெதுவாக வரும், கோயில் மணி எந்நேரம் ஒலிக்கும், பக்கத்து வளவில் கட்டடவேலை நடக்கின்றதா என்பவற்றையும் சொல்லிவிடலாம். குறையை அறிந்து வந்தவர் அதனைப் பொறுப்பார்; அறியாமல் வந்தவர் நிறையையும் பழிப்பார்.

ஐந்தாவது, ஊரைக் கையில் கொடுத்தல். ஒரு தாளில், இடியப்பம் நல்லதாகக் கிடைக்கும் கடை, மருந்துக்கடை, சலவை செய்பவர், நம்பத்தக்க முச்சக்கரவண்டிக்காரர், கோயிற் பூசை நேரம், நூலகம் திறக்கும் நேரம் ஆகியவற்றை எழுதி மேசையில் வைத்தால் போதும். கொட்டாஞ்சேனையில் உள்ளோர் தேவாலயங்களையும் கோயில்களையும் இணைத்து ஒரு மணி நேர நடைவழியை வரைந்து கொடுக்கலாம். அதிக விடுமுறை இல்லாதவருக்கு அந்த ஒரு மணி நேரமே சுற்றுலா.

சட்டம் சார்ந்த ஒரு வார்த்தையும் சொல்லவேண்டும். 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, பெரிய ஹோட்டல்களை மட்டுமன்றி, விருந்தினர் தங்கும் குடும்ப வீடுகளையும் வாடகைத் தொடர்மாடி வீடுகளையும் பதிவுசெய்கின்றது. பதிவுசெய்து நடத்துவோருக்கு மடியில் கனமில்லை. ஆதலால் வழியில் பயமுமில்லை. வருகின்ற பிரயாணியும் தம் விசாவின் நிபந்தனைகளைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் அறிந்துகொண்டு வருதல் நலம்.

அயலாரும் மாணவரும்

இத்தொழிலின் இன்றைய உலகப் பெயர் ஏயர்பிஎன்பி. அதன் தோற்றக் கதை சுவையானது. 2007 இல் சன்பிரான்சிஸ்கோ நகரில் வாடகை கட்டச் சிரமப்பட்ட இளைஞர் இருவர், அங்கே மாநாடொன்றுக்கு வந்தவர்களுக்குத் தம் அறையில் காற்றடைத்த மெத்தைகளை விரித்துக் காலையுணவும் கொடுத்தனர். தொழிற் காரியமாக வந்தவரே முதல் விருந்தினர் என்பது கவனிக்கத்தக்கது. 2008 இல் அது நிறுவனமாயிற்று. பின்னர் உலகெங்கும் பரந்தது.

பரந்த இடங்களில் ஒரு துன்பமும் பின்தொடர்ந்தது. நாட்கூலி போல நாள்வாடகை அதிகம் தருவதால், வீட்டுக்காரர் நெடுங்காலக் குடியிருப்பாளரை அனுப்பிவிட்டுப் பிரயாணிகளை ஏற்றனர். ஊர்க்காரருக்கு ஊரில் வீடில்லாமற் போயிற்று. நியூயோர்க் நகரம் 2023 செப்டெம்பரிலிருந்து, முப்பது நாளுக்குக் குறைந்த வாடகைக்கு வீட்டுக்காரர் பதிவுசெய்து கூடவே தங்கியிருக்க வேண்டும் என்ற விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்துகின்றது. பார்சிலோனா நகர ஆட்சியினர், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலா மாடிவீடுகளின் அனுமதியை 2028 நவம்பருடன் முடிவுறுத்தப்போவதாக 2024 இல் அறிவித்தனர்.

வெள்ளவத்தை பார்சிலோனா அன்று. ஆயினும், எம் மாணவர் சிலர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து, வகுப்புக்கு அண்மையில் ஓர் அறை தேடி அலைவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். வெளிநாட்டுப் பணத்தோடு போட்டியிட அவர்களின் தந்தையாரால் இயலாது. இரண்டு அறை உள்ள வீட்டில் ஒன்றைப் பிரயாணிக்கும் மற்றதை மாணவருக்கும் விடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவ்வீட்டில் ரொறன்ரோவிலிருந்து வந்த பொறியியலாளரும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் ஒரே குசினியில் நள்ளிரவுத் தேநீர் அருந்துகின்றனர். அந்த உரையாடலில் அப்பிள்ளை பெறுவதை எந்த வகுப்பும் கொடுக்கமாட்டாது. வருவாயில் சிறிது குறையினும் இவ்வழக்கத்தைக் கைவிடாதிருக்குமாறு வீட்டுக்காரரை வேண்டுகின்றோம்.

அயலாருக்கும் இதில் பங்குண்டு. தொடர்மாடியில் மாதந்தோறும் முகம் மாறினால், ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்தோருக்கு மனக்குறை ஏற்படுவது இயல்பே. வருகின்றவரை மின்தூக்கியில் காணும் முதல் நாளே அயலாருக்கு அறிமுகப்படுத்திவிட்டால் அக்குறையிற் பாதி நீங்கும். இரவில் படிக்கட்டில் பேசாதிருத்தல், குப்பையை உரிய நாளில் வைத்தல், வாகனத்தைப் பிறர் இடத்தில் நிறுத்தாதிருத்தல் ஆகிய சிறு விதிகளை விருந்தினரிடம் கூசாமற் சொல்லலாம். மரியாதையாகச் சொல்லப்படும் விதி எவரையும் புண்படுத்துவதில்லை.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். வாடகை வாங்கிக்கொண்டு அறை கொடுப்பதை விருந்தோம்பல் என்று கொள்ளலாமா எனச் சிலர் வினவக்கூடும். வாடகை கட்டிலுக்கும் மின்சாரத்துக்கும் உரியது. வந்தவரின் உறக்க நேரத்தை அறிந்து வீட்டு வானொலியைத் தணிக்கும் கைக்கும், அவருடைய தாயாருக்கு வெந்நீர் வைத்துக்கொடுக்கும் மனத்துக்கும் எந்தப் பற்றுச்சீட்டிலும் விலை எழுதப்படுவதில்லை. வருடாவருடம் அதே கதவைத் தேடிப் பிரயாணிகள் வருவது இந்த எழுதப்படாத பகுதிக்காகவே.

இவ்விடுமுறையில் வெளியூரிலிருந்து உறவினர் வரவிருக்கும் குடும்பங்கள் பல இருக்கும். அறை தேடிக் கொடுக்கும் பொறுப்பு வீட்டிலுள்ள மாணவர் தலையில் விழுவதும் வழக்கம். அவர்கள் கைபேசியில் படங்களை மாத்திரம் பார்த்து முடிவுசெய்யாமல், ஒரு மாலை ஒழுங்கையில் இறங்கி நேரே சென்று, கதிரையில் அமர்ந்தும், யன்னலைத் திறந்தும், குழாயைத் திருகியும் பார்ப்பார்களாக. வீட்டுக்காரரோடு சற்றுப் பேசியும் பார்ப்பார்களாக. திறப்பைக் கையில் கொடுக்கும்போது, "எத்தனை நாளும் ஆறுதலாக இருக்கலாம்" என்று சொல்லும் வீடு ஒன்று கிடைத்தால், அதனையே எடுத்துக்கொள்ளலாம்.